படத்தொகுப்புக்கான சிக்கனக் கணினி: ஏஐ எழுதித் தந்த பட்டியலை நம்பி வாங்கலாமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் திருமணம், வளைகாப்பு, காதுகுத்து முதலிய வீட்டு விசேஷங்களைப் படமெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். கையில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க், 19 அங்குலப் பழைய மானிட்டர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இந்தக் கணினிக்கு இல்லை. ஆகவே மானிட்டரும் சேர்த்து 75,000 ரூபாய்க்குள் புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்யலாம் என்றிருக்கிறேன். லைட்ரூம் கிளாசிக், போட்டோஷாப் என்ற அடோபியின் படத்தொகுப்பு மென்பொருள்கள் இரண்டும்தான் ஓட வேண்டும். விளையாட்டுகளுக்கு இங்கே வேலையில்லை.

ஓர் ஏஐ உதவியாளரிடம், இந்தத் தொகைக்குள் படத்தொகுப்புக்கு மிகச் சிறந்த கணினி எது என்று கேட்டேன். ஏஎம்டியின் ரைசன் 5 7500எஃப் சிபியு, பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), 165 ஹெர்ட்ஸ் 27 அங்குல மானிட்டர் என்று ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, கூட்டுத்தொகை 74,500 என்று காட்டியது. அதையே கடையில் கொடுத்தபோது அவர்கள் சொன்ன தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. திரும்பி வந்து, இன்டெல்தான் இந்த வேலைக்கு நல்லது என்கிறார்களே என்று ஏஐயிடம் கேட்டதும், "நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று தொடங்கி, முழுப் பட்டியலையும் இன்டெலுக்கு மாற்றிவிட்டது.

இரண்டில் எதை எடுத்துக்கொள்வது, எதைக் குறைத்தால் தொகைக்குள் அடங்கும், ஏஐயிடம் கேட்பதிலேயே பொருள் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்க்ரூடிரைவர்:

வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் நெடுங்காலம் கணினி அசெம்பிள் செய்தவன் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் தோன்றியதைச் சொல்கிறேன். அது கேமிங் கணினிப் பட்டியல். இணையத்தில் சிக்கனக் கணினியைப் பற்றி எழுதப்படுவதில் மிகப் பெரும்பகுதி விளையாட்டுக்காரர்களுக்காக எழுதப்படுவதால், நீங்கள் எதைக் கேட்டாலும் அந்த அச்சிலிருந்துதான் பதில் வரும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் உங்களுக்கு எதற்கு? மணமகளின் புடவை நிறம் நொடிக்கு 165 முறை மாறுவதில்லை.

விலை ஏன் பொய்த்தது என்பதற்கும் காரணம் உண்டு. 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியது. ஏஐ தரவு மையங்களுக்கான நினைவகத்துக்கே உற்பத்தியாளர்கள் முன்னுரிமை கொடுத்ததால் சில்லறைச் சந்தைக்கு வரும் சரக்கு குறைந்தது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறியது. உங்கள் ஏஐ அதற்கு முந்தைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. ரேம் விலையை ஏற்றிவிட்டதில் தன் இனத்துக்கே பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 7500எஃப் சிப்பில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை உங்கள் கணினியில் திரையே வராது. கல்யாண சீசனில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வாங்குபவர்கள், அதே தலைமுறையின் 7600 போலவோ இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் இல்லாத 12400 போலவோ உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உள்ளதை வாங்குவதே நல்லது.

பாகங்களைப் பற்றிப் பேசுமுன் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. இப்போதைய கணினியில் எந்த வேலையின்போது காத்திருக்கிறீர்கள்? லைட்ரூமில் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு, நினைவகம், டிஸ்க் ஆகியவற்றில் எது நூற்றை முட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், ஒரு விசேஷத்துக்கு எத்தனை ரா கோப்புகள் (கேமரா பதிவு செய்யும் மூலக்கோப்புகள்) சேரும் என்பதையும் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

விரிவான பதிலுக்கு நன்றி ஐயா. கேமரா 24 மெகாபிக்சல். சுருக்கப்பட்ட ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 எம்பி. முதல் நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமுமாக ஒரு திருமணத்துக்கு 3,000 படங்கள் வரை சேர்வதால், ஒரு வேலைக்கு 75 ஜிபி ஆகிறது.

கார்டிலிருந்து இறக்கி முன்னோட்டங்கள் உருவாகும்வரை டிஸ்க் நூறில் நிற்கிறது. பிறகு படங்களைக் கழித்துத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில், ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முதலில் மங்கலாகத் தெரிந்து, சில நொடிகள் கழித்துத்தான் தெளிகிறது. 3,000 படங்களுக்கு இப்படி என்றால் ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. லைட்ரூமின் டெவலப் பகுதியில் மாஸ்க் போட்டு (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து) முகத்தைச் சற்று ஒளியேற்றும்போது பிரஷ் கைக்குப் பின்னால் தாமதமாக வருகிறது. அப்போது நினைவகம் நிரம்பி, டிஸ்க்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்போர்ட்டும் (முடிந்த படங்களைக் கோப்புகளாக வெளியே எடுப்பதும்) மெதுவானதுதான் என்றாலும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவதால் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. வரவேற்பு அரங்கில் உயர் ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களில் ஆல்பத்துக்குத் தேர்வாகும் நாற்பது, ஐம்பதுக்கு மட்டும் ஏஐ டீநாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகளை, அதாவது இரைச்சலை, ஏஐ கொண்டு நீக்கும் வசதி) தேவைப்படுகிறது. இந்தக் கணினியில் அதைத் தொடவே முடியவில்லை.

நிரல்வழி:

மென்பொருள் துறையில் இருப்பவன். வார இறுதிகளில் பறவைகளைப் படமெடுப்பவன். ஏஐயிடம் கேட்பதிலேயே பொருள் உண்டா என்ற கேள்விக்கு என் பதில், உண்டு என்பதுதான். ஆனால் அவர் முதலில் கேட்ட கேள்வியைவிட, ஸ்க்ரூடிரைவருக்கு இப்போது எழுதிய இந்தப் பதில்தான் ஏஐயிடம் கொடுக்க வேண்டிய சரக்கு.

இத்தகைய மொழி மாதிரிகள் ஒரு குறிப்பிட்ட காலம் வரையிலான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. இணையத்தைத் தேடிப் பதில் சொல்லும் வசதி இருந்தாலும், தேடலில் மேலே வரும் விற்பனைப் பக்கங்களையும் கமிஷனுக்காக எழுதப்பட்ட "சிறந்த பத்து" கட்டுரைகளையுமே பெரும்பாலும் படிக்கின்றன. அமெரிக்க டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றிப் போட்டு, நம் ஊரில் கணினிப் பாகங்களுக்கு உள்ள 18 சதவீத ஜிஎஸ்டியையும் இறக்குமதியாளரின் லாபத்தையும் விட்டுவிடுவதும் உண்டு. எனவே விலை, கையிருப்பு, வாரன்டி ஆகிய மூன்றையும் அதனிடம் கேட்கவே வேண்டாம்.

அது 2 டிபி எஸ்எஸ்டியை ஏன் சேர்த்தது என்று கேட்டுப் பார்த்தீர்களா? லைட்ரூமின் டீநாய்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் பெரிய டிஎன்ஜி (அடோபியின் ரா கோப்பு வடிவம்) கோப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கும், அதனால் இடம் வேண்டும் என்று அது சொல்ல வாய்ப்புண்டு. 2023 ஏப்ரலில் அந்த வசதி வந்தபோது அப்படித்தான் இருந்தது. 2025 நடுப்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து தனி டிஎன்ஜி இல்லாமலேயே அது நடக்கிறது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த செய்தியை இன்றைய உண்மைபோலச் சொல்வதுதான் இவற்றிடம் அடிக்கடி தென்படும் குறை. முழுப் பொய்யைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இன்டெல் நல்லது என்கிறார்களே என்றவுடன் பட்டியல் புரண்டதற்குக் காரணம், கேட்பவர் சாய்ந்த பக்கம் தானும் சாய்வது இவற்றின் சுபாவம் என்பதே. அதற்கு ஒரு மாற்று உண்டு. உங்கள் விருப்பத்தை வெளிக்காட்டாமல், இந்தப் பட்டியலை ஒருவர் எனக்கு விற்கப் பார்க்கிறார், இதில் என் வேலைக்குப் பொருந்தாத பாகங்கள் எவை, ஒன்றோடொன்று சேராதவை எவை என்று கேளுங்கள். குறை காணச் சொன்னால் நன்றாகவே குறை காணும். சிறந்தது எது என்று கேட்டால் மட்டும் எல்லாமே சிறந்ததாகிவிடும்.

அச்சுக்கூடம்:

நான் திருச்சியில் ஆல்பம் அச்சிடும் ஒரு லேபில் வண்ணத் திருத்தம் பார்ப்பவன். இதுவரை சிபியு, ரேம் என்றே பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வரும் ஆல்பக் கோப்புகளில் திரும்ப அனுப்ப நேர்பவை, கணினி மெதுவாக இருந்ததால் கெட்டவை அல்ல. தொகுத்தவரின் மானிட்டர் தவறான நிறத்தைக் காட்டியதால் கெட்டவை. முகங்கள் சிவந்து வருகின்றன, பட்டு ஜரிகை பச்சை கலந்து வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படங்கள் இருட்டாக வருகின்றன. திரையின் ஒளியை உச்சத்தில் வைத்துத் தொகுப்பவருக்கு நடுத்தரமான படம்கூடப் பிரகாசமாகத் தெரியும். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாதே.

ஆகவே உங்கள் 75,000 ரூபாயில் முதலில் மானிட்டருக்கான பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். கோணம் மாறினாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனலாக இருக்க வேண்டும்; உங்களிடம் இருக்கும் பழையது டிஎன் பேனலாக இருந்தால், தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் மாறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாகத் தெரியும் என்றாலும், பக்கவாட்டில் பார்க்கும்போது நிழற்பகுதிகளின் அளவு மாறிவிடும் என்பதால் அதையும் தவிர்க்கலாம். விவரத்தாளில் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற வரம்பு) வண்ணப்பரப்பு 99 அல்லது 100 சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும். மலிவான மானிட்டர்கள் சிலவற்றில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சி வண்ணத்தரம்; எஸ்ஆர்ஜிபியில் முக்கால் பங்குகூட அந்த 45 சதவீதத்தில் தேறாது. "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்றிருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமமான பரப்பு என்று கொள்ளலாம். அளவு 24 அங்குலமே போதும். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி வண்ணப்பரப்பு முழுவதையும் காட்டும் விலை உயர்ந்த மானிட்டர் உங்களுக்குத் தேவையில்லை. எங்கள் லேபைப் போலப் பல லேப்கள் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கோப்புகளைத்தான் கேட்கின்றன.

வாங்கியபின் அளவுதிருத்தம் செய்யாவிட்டால் பாதிப் பயன்தான். ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற கலரிமீட்டர்களை (திரையின் நிறத்தை அளக்கும் கருவிகளை) சொந்தமாக வாங்குவது இந்தப் பட்ஜெட்டில் கடினம். உங்கள் வட்டாரப் புகைப்படக் கலைஞர் சங்கத்தில் பலர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொண்டால் மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் பயன்படுத்தலாம். வெண்மைப் புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, ஒளி சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரைமேல் விழக்கூடாது. லேபிடம் அவர்களுடைய ஐசிசி புரொஃபைலை (அவர்கள் அச்சின் நிற விவரக்கோப்பை) கேட்டு வாங்கி, அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் லைட்ரூமின் சாஃப்ட் புரூஃபிங்கில் வைத்துப் பாருங்கள். கேட்டால் கொடுப்போம், ஆனால் கேட்பவர்கள் மிகக் குறைவு.

மெரினா லென்ஸ்:

அச்சுக்கூடம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்தப் போக்கில் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். லைட்ரூம் இன்று ஐந்தாண்டுக்கு முந்தைய லைட்ரூம் அல்ல. டெவலப் பகுதியின் திரைக்காட்சி மட்டுமல்லாமல், 2022 முதல் எக்ஸ்போர்ட்டும் ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்பை) பயன்படுத்துகிறது. ஆளையோ வானத்தையோ தானே கண்டுபிடிக்கும் மாஸ்க், டீநாய்ஸ் எல்லாம் அதன்மேல் நிற்பவை. நடுத்தரக் கார்டு ஒன்றில் 24 மெகாபிக்சல் படத்துக்கு டீநாய்ஸ் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் ஆகும். முழு ஜிபியு வசதிக்கு 8 ஜிபி வீடியோ நினைவகம் வேண்டும் என்று அடோபியே பரிந்துரைக்கிறது. ஏஐ கொடுத்த பட்டியலில் அந்த ஒரு வரி சரியானது என்பதே என் கருத்து.

திறமூலன்:

லைட்ரூம், போட்டோஷாப்புக்கான மாதச் சந்தாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வியக்கிறேன். டார்க்டேபிள், ராதெரபி, டிஜிகாம், கிம்ப் ஆகிய படத்தொகுப்பு, பட மேலாண்மை மென்பொருள்கள் விலையில்லாதவை; ஆண்டுதோறும் சந்தாவுக்குப் போகும் பணம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒரு நல்ல மானிட்டராகிவிடும். டார்க்டேபிள் ஓபன்சிஎல் என்ற தொழில்நுட்பம் வழியாகக் கிராஃபிக்ஸ் கார்டை நன்றாகவே பயன்படுத்துகிறது. கேமராவுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் ஏற்ப அளந்து வைத்த புரொஃபைலைக் கொண்டு இரைச்சலை நீக்கும் பகுதியும் அதில் உண்டு. லைட்ரூமின் டீநாய்ஸ் அளவுக்கு நுணுக்கம் அதில் கிடைக்காது என்பதையும், 3,000 படங்களை விரைந்து கழிப்பதற்குப் பழக நாளாகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "சிக்கனம்" என்று தலைப்பு வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஏஐ உதவியாளர்கள் எவையும், நாமாகக் கேட்காதவரை, இதைச் சொல்வதாகத் தெரியவில்லை.

ஸ்க்ரூடிரைவர்:

திறமூலன் சொல்வது சரியான யோசனைதான், ஆனால் காவிரிக்கரை தொழில் செய்பவர்; கணினியையும் மென்பொருளையும் ஒரே சீசனில் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொடுத்த விவரத்துக்கு வருகிறேன். அவருடைய காத்திருப்பு இரண்டு வகையாக இருக்கிறது. படங்களைக் கழிப்பதும் மாஸ்க் போடுவதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரம். எக்ஸ்போர்ட்டும் டீநாய்ஸும் அவர் தூங்கும்போது நடக்கக்கூடியவை. ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக டீநாய்ஸ் கொடுத்துவிட்டுப் படுத்தால், உள்ளமைந்த கிராஃபிக்ஸில்கூட விடிவதற்குள் முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. பணம் குறைவாக இருக்கும்போது முதல் வகைக் காத்திருப்பைத்தான் விலை கொடுத்து நீக்க வேண்டும். இந்தப் பிரிவினையை எந்த ஏஐயும் கேட்காமல் செய்து தந்து நான் பார்த்ததில்லை. நாமே பிரித்துச் சொன்னால் பின்பற்றும்.

முதல் வகைக்கு மருந்து எஸ்எஸ்டியும் ரேமும் ஆறு கோர் சிபியுவும்தான். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி அளவில்தான் படிக்கும். சிறு கோப்புகள் சிதறிக் கிடந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். லைட்ரூமின் கேட்டலாக் (படங்களின் விவரப் பதிவேடு), முன்னோட்டங்கள், நடப்பு வேலையின் ரா கோப்புகள் மூன்றும் என்விஎம்இயில் இருக்கட்டும். ஒரு வேலைக்கு 75 ஜிபி என்றால் 1 டிபியில் விண்டோஸ் போக எட்டு, ஒன்பது திருமணங்கள் தாராளமாக நிற்கும். முடிந்தவற்றைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். விலை குறைவு என்பதற்காகக் கியூஎல்சி வகை எஸ்எஸ்டியை (ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பதை) எடுக்காமல், டிஎல்சி (மூன்று பிட்) என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். நிரம்பும்போது கியூஎல்சி எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்குவதை நான் வாடிக்கையாளர்களிடம் பார்த்திருக்கிறேன்.

லைட்ரூமின் பிரிஃபரன்சஸில் கேமரா ரா கேஷின் (தற்காலிகச் சேமிப்பின்) அளவை 20 ஜிபிக்கு உயர்த்துங்கள். இறக்கும்போதே ஸ்மார்ட் பிரிவியூவும் உருவாக்கச் சொல்லி, தொகுப்பின்போது மூலக்கோப்புக்குப் பதிலாக அதையே பயன்படுத்தும் தேர்வை இயக்கினால், நீண்ட பக்கம் 2560 பிக்சல் உள்ள சிறிய கோப்பின்மேல்தான் வேலை நடக்கும் என்பதால் பிரஷ் கையோடு வரும். இதற்குச் செலவே இல்லை. இப்போதைய கணினியிலேயே இன்று செய்து பார்க்கலாம்.

மெரினா லென்ஸுக்கு என் பதில்: ஜிபியு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதல் நாளே வேண்டாம் என்கிறேன். ஆள் மாஸ்க் கண்டுபிடிப்பதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் சில நொடிகள் கூடுதலாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் மானிட்டரில் கைவைத்துக் கார்டு வாங்குவதைவிட, அடுத்த சீசன் வருமானத்தில் வாங்குவது மேல். அதற்கு இடம்விட்டு, 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரச்சான்று) தரத்தில் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதே போட்டுவிடுங்கள். அப்போது கையில் இருக்கும் தொகையைப் பொறுத்து 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது 8 ஜிபி 4060 பார்க்கலாம். 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட் என்பதால் இரண்டையும் இந்த எஸ்எம்பிஎஸ் தாங்கும். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது கிரிப்டோ மைனிங்கில் இரவுபகலாக ஓடியதா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

காவிரிக்கரை:

ஸ்மார்ட் பிரிவியூவை நேற்றே இயக்கிப் பார்த்தேன். பிரஷ்ஷின் தாமதம் பெருமளவு குறைந்துவிட்டது. கழிப்பது மட்டும் பழையபடிதான் இருக்கிறது. அடுத்து ரேம் பற்றி ஒரு சந்தேகம். இன்றைய விலையில் 32 ஜிபி வாங்கினால் மானிட்டரை விட்டுவிட வேண்டியிருக்கும்போல் தெரிகிறது. 16 போதுமா என்று ஏஐயிடம் கேட்டால் போதும் என்கிறது. 32 வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்கிறது.

நிரல்வழி:

இதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தைப் போட்டோஷாப்பில் 16 பிட்டில் திறந்தால், பிக்சலுக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்கில் ஒரு முழு லேயர் 144 எம்பி. பத்து லேயர் போட்டாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். ஹிஸ்டரியும் லைட்ரூமும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால்தான் 16 ஜிபி நெருக்கடியாகும். உங்கள் வேலையில் பல படங்களை ஒட்டிப் பெரிய பனோரமா செய்யும் தேவை இல்லையென்றால், 16 ஜிபியில் தொடங்கி, தொகுக்கும்போது பிரவுசரை மூடிவைக்கும் பழக்கத்தோடு சமாளிக்கலாம். ரேம் விலை இறங்கினால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மதர்போர்டில் இடம் இருக்க வேண்டும்.

ஏஐயிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்காமல், இந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு கண்முன் இருந்தால் எந்த இடத்தில் சறுக்குகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும்.

காவிரிக்கரை:

இங்கே சொன்னவற்றையெல்லாம் தொகுத்து, என் வேலையின் அளவையும் எழுதி, தஞ்சாவூரில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். கோர் ஐ5 12400, எச்610 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ, 550 வாட் எஸ்எம்பிஎஸ், 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர். தொகை என் பட்ஜெட்டுக்குள் வந்தது. நிரல்வழி சொன்னபடி அந்தத் தாளை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, இதை எனக்கு விற்கப் பார்க்கிறார்கள், எது பொருந்தாது என்று கேட்டேன்.

அது இரண்டு விஷயங்களைச் சொன்னது. தாளில் உள்ள மாடல் எண்ணின்படி மதர்போர்டு டிடிஆர்4 வகை. டிடிஆர்5 ரேம் அதில் உட்காரவே உட்காராது. அடுத்ததாக, எச்610 சிப்செட்டில் ரேமுக்கு இரண்டு இடங்கள்தான் உண்டு என்பதால், இரண்டு 8 ஜிபியைப் போட்டுவிட்டால் பின்னர் கூட்டும்போது அவற்றைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் நானே தேடிப் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன. கடைக்காரரிடம் சொன்னபோது, தட்டச்சுப் பிழை என்று சொல்லி டிடிஆர்4 ஆக மாற்றிக்கொண்டார். இப்போது ஒரே 16 ஜிபியாகப் போடலாமா, அல்லது வேகத்துக்காக இரண்டு எட்டாகவே போடலாமா?

ஸ்க்ரூடிரைவர்:

இந்த இடத்தில் ஏஐ தன் கூலியைச் சம்பாதித்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விவரத்தாளோடு விவரத்தாளை ஒட்டிப் பார்க்கும் வேலையில் அது சலிப்பதில்லை. கடையில் கூட்டம் அதிகமான மாலைகளில் நாங்கள் சலித்துப்போவதுண்டு.

இரண்டு ரேம்கள் போட்டால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் தன் வீடியோ நினைவகத்தையும் இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்பதால், உங்கள் நிலையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நான்கு ரேம் இடங்கள் உள்ள பி660 அல்லது பி760 போர்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். டிடிஆர்4க்கான பதிப்புகள் இரண்டிலும் உண்டு. கூடுதல் தொகை தாங்கும்படி இருந்தால் அதில் இரண்டு 8 ஜிபி போட்டுவிட்டு, மீதி இரண்டு இடங்களைக் காலியாக விடுவதே நான் செய்யக்கூடியது. அந்தப் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்களும் இரண்டு இருப்பதால், பின்னாளில் இன்னோர் எஸ்எஸ்டியும் சேர்க்கலாம். கிடைக்கவில்லை என்றால் எச்610இலேயே ஒரு 16 ஜிபி போட்டு, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது இன்னொரு 16 சேருங்கள்; அதுவரை கொஞ்சம் மெதுவாக இருக்கும், வேலை நிற்காது.

மெரினா லென்ஸ்:

கார்டு இல்லாமல் தொடங்குவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. வரவேற்பு முடிந்த மறுநாளே முகநூலில் போடப் பத்துப் படம் கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்துக்கு இரவு முழுக்கக் காத்திருக்க முடியாது. அப்படிக் கேட்பவர்கள் உங்களுக்கும் இருந்தால், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஒன்றை விசாரியுங்கள். 70 வாட்தான், தனி மின் இணைப்பு தேவைப்படாத மாடல்கள் உண்டு. 3060 அளவுக்கு வேகம் இருக்காது, ஆனால் உள்ளமைந்ததைவிடப் பல மடங்கு மேல்.

காவிரிக்கரை:

அப்படிக் கேட்பவர்கள் உண்டு ஐயா. ஆனால் கைப்பேசித் திரையில் பார்க்கும் அளவுக்கு லைட்ரூமின் பழைய இரைச்சல் நீக்கமே போதுமானதாக இருக்கிறது. இந்த முறை கார்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பி760 டிடிஆர்4 போர்டு கடையில் கிடைத்தது. மிச்சப் பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்க நினைக்கிறேன். இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஸ்க்ரூடிரைவர்:

இப்போதைக்கு 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள யுபிஎஸ் போதும். கார்டு சேர்க்கும்போது 1 கேவிஏ தேவைப்படலாம் என்பதால், விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் பெரியதையே வாங்கிவிடுங்கள். சில எஸ்எம்பிஎஸ்கள் மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். எனவே கடையிலேயே கணினியை ஓடவிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பில்லில் "டிடிஆர்4 ரேம்", "ஐபிஎஸ் மானிட்டர்" என்று பொதுவாக எழுத விடாமல், ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணையும் ஜிஎஸ்டியோடு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பயோஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதற்குச் சொல்லப்பட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

அச்சுக்கூடம்:

மானிட்டரின் மாடல் எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். வண்ணப்பரப்பைச் சரிபார்த்துச் சொல்கிறேன். முதல் ஆல்பத்தை அனுப்புமுன், ஒரு முகம், ஒரு பட்டுப்புடவை, ஒரு வெள்ளை வேட்டி இருக்கும் படங்களாக மூன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாக அச்சுக்குக் கொடுக்கும் லேபிலேயே சிறிய அளவில் அச்சிட்டு வாங்கி, திரைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேட்டி மஞ்சளாகத் தெரிந்தால் உங்கள் திரையைத் திருத்துவதா, அவர்களுடைய இயந்திரத்தைத் திருத்தச் சொல்வதா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.